மெஜஸ்டிக்கா, பாரிமுனையா?

"நைனா, நீ இருபதடி பின்னால வா. பேசக் கூடாது. தொடக் கூடாது. யாராச்சும் கேட்டா, இந்தப் பொண்ண எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு."

பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு என் மகள் காவேரி இப்படிச் சொன்னாள். காலை ஒன்பது மணி இருக்கும். மாரிகுப்பம் ரயிலில் எங்களோடு வந்து இறங்கிய கூட்டம் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனது. அவள் தோள்பையிலிருந்து மடித்து வைத்திருந்த வெள்ளைக் குச்சியை எடுத்து ஓர் உதறு உதறினாள். டக் டக்கென்று மூட்டுகள் பொருந்தி அது நீண்டது.

அவள் குச்சி பிடித்து நடந்து நான் பார்த்ததே இல்லை. தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் அவளுக்கு அது தேவைப்படவில்லை. குழாயடிக்கு எத்தனை எட்டு, ஸ்டேஷனுக்கு எங்கே திரும்ப வேண்டும், யார் வீட்டு நாய் வழியில் படுத்திருக்கும் என்பதெல்லாம் அவள் காலுக்கே தெரியும்.

"சரிம்மா" என்றேன்.

"பேசக் கூடாதுன்னு இப்பதான் சொன்னேன்?"

வாயை மூடிக்கொண்டேன். அவள் குச்சியைத் தரையில் இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டு சுரங்கப் பாதைப் படிகளில் இறங்கினாள். இருபதடி எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு லாரியின் நீளம். ஒரு லாரி நடுவில் புகுந்துவிடக்கூடிய நீளம்.

இரண்டு ஆபீஸ்

நைனா என்றால் அப்பா. வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்த என் தாத்தா மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த சொல். கோலார் தங்கவயலில் பிறந்த நாலாம் தலைமுறையும் அதை விடவில்லை.

காவேரிக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. பத்தாவது படிக்கும்போது சாயங்காலமானால் வாசற்படியில் இடறினாள். "தரையப் பாத்து நடக்க மாட்டியா?" என்று நான் திட்டினேன். அந்தத் திட்டு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. விழித்திரை நோய் என்றார் டாக்டர். பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவரும், தடுக்க வழியில்லை என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

கல்லூரியை முடித்தாள். மைசூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் தங்கினாள். குச்சியை வைத்து நடப்பதையும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் வேலை செய்வதையும் அங்கேதான் கற்றாள். பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். போனில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தெருவிலேயே வந்துவிடும், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வரும். நாலு பாஷை பேசுகிற பெண் என்றதும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

பெங்களூரிலும் இடம் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது, எங்கே சேர விருப்பம் என்று பத்து நாளில் தெரிவிக்கவும் என்று கடிதம் வந்தது.

இரண்டு ஆபீசுமே அந்தந்த ஊரின் நட்ட நடுவில். பெங்களூரில் மெஜஸ்டிக்கைத் தாண்டி அவென்யூ ரோடு முனையில். சென்னையில் பாரிமுனையைத் தாண்டி பூக்கடைப் பக்கத்தில்.

எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவென்யூ ரோட்டில் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் முப்பத்தைந்து வருஷம் கிடங்குப் பொறுப்பில் இருந்தவன் நான். முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்காரும்வரை தினம் ஊரிகத்தில் ரயிலேறி, பெங்களூரில் இறங்கி, அந்த வழியாகத்தான் நடந்தேன். இனி காவேரியோடு காலையில் போவேன், சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவேன். முழங்கால் வலியைச் சமாளித்துக்கொள்ளலாம்.

"ரெண்டு ஊரையும் நடந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் காவேரி.

பார்வை போன பிறகும் 'பாத்துட்டு' என்ற சொல்லை அவள் விடவே இல்லை.

அக்காவோடு ஒரு தீராத வழக்கு

இங்கே என் அக்கா ருக்குவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் சென்னை ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷமாகிறது.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் ஊரிகம் ஸ்டேஷனைப் பற்றி எழுதிய வாரம், எங்கள் ஊர் இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில் கயிறு கட்டித் தொங்குவது போல இருக்கிறது என்று எழுதியிருந்தேன். சுரங்கம் மூடியபோது அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பெங்களூர், தம்பி சென்னை. பொங்கலுக்கு வந்தால் எந்த ஊர் உசத்தி என்று சண்டை. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை எனக்கும் அக்காவுக்கும்.

"உங்க பெங்களூர்ல நடு ஊர்னு ஒண்ணு எங்கடா இருக்குது? மெஜஸ்டிக்ல நின்னா சிவாஜிநகர்ன்றான், அங்க போனா எம்.ஜி. ரோடுன்றான். எங்க ஊர்ல பாரிமுனையில வந்து நின்னு பாரு, மெட்ராஸே உன்னச் சுத்தி நிக்கும்" என்பாள்.

"நிக்கும் நிக்கும். சட்டையப் பிழிஞ்சா ஒரு கொடம் தண்ணியும் நிக்கும்" என்பேன்.

"வேர்வ வராத ஊர்ல இன்னாடா பெரிய வேலை நடந்துடப் போவுது?"



மகளுக்குக் காவேரி என்று பெயர் வைத்தபோது ரயில் சிநேகிதர்கள், "இன்னா மணி, ரெண்டு ஊரும் அடிச்சிக்கிற பேரா பாத்து வெச்சுட்ட?" என்று கேலி செய்தார்கள். அவர்கள் வாய் பலித்துவிட்டது. கடிதம் வந்த செய்தி தெரிந்த அன்றைக்கே அக்கா போனில் கூப்பிட்டாள்.

"என் வீட்லருந்து ஒரே ஸ்டேஷன்டா. ராயபுரத்துல ஏறினா பீச். கொழந்தைய இங்க அனுப்பு."

"பெங்களூர்தான்னு முடிவாயிடுச்சுக்கா" என்றேன். முடிவு செய்தவன் நான் ஒருத்தன்தான்.

பேட்டைக்குள்

சுரங்கப் பாதையிலிருந்து மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துப் பக்கம் ஏறி வந்தாள் காவேரி. பேருந்துகளின் உறுமலுக்கு மேலாக "மார்க்கெட், மார்க்கெட்" என்று நடத்துநர்களின் குரல். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். வழி தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்து என் கால் தானாக முன்னே போனது. இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சரியான பக்கம் திரும்பினாள்.

அந்த வழியில் நான் நடந்திருப்பது எத்தனை ஆயிரம் தடவை என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பளேபேட்டையில் வாத்தியக் கடைகள். ஒரு கடையில் யாரோ நாயனத்தைச் சரிபார்க்கிறார், பக்கத்துக் கடையில் தவிலுக்கு வார் இழுத்துத் தட்டுகிறார்கள். காவேரி அந்த இடத்தில் நடையைக் குறைத்தாள். அதைத் தாண்டினால் சிக்பேட்டை. "பன்னி மேடம், சீரெ நோடி", வாங்க, புடவை பாருங்க என்று பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் கன்னடத்தில் அவளையும் கூப்பிட்டார்கள். குச்சியைப் பார்த்த பிறகும் கூப்பிட்டார்கள். அவள் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போனாள். வறுத்த காபிக்கொட்டை அரைக்கிற வாசனை, தர்கா வாசலில் சாம்பிராணி, கோயில் மணி, நின்றபடி இட்லி தின்கிற ஓட்டலில் எவர்சில்வர் தட்டுகளின் சத்தம்.

அந்தப் பேட்டைக்கு நேரான தெரு என்று ஒன்று கிடையாது. எல்லாம் வளையும், ஏறும், இறங்கும். காவேரி அதையே ஒரு வசதியாகப் பிடித்துக்கொண்டாள். "கால்ல ஏத்தம் தெரிஞ்சா அவென்யூ ரோடு பக்கத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம் நைனா" என்று பிறகு சொன்னாள். முப்பத்தைந்து வருஷத்தில் அங்கே ஏற்றம் இருப்பதை என் முழங்கால் ஒன்றுதான் கவனித்திருந்தது.

வெயில் ஏறியும் காற்றில் குளுமை போகவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அக்கா இப்போது இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மஞ்சப்பா

அவென்யூ ரோட்டில் திரும்பியதும் தப்பு செய்தேன்.

காகித ரீம்களை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று பக்கத்துச் சந்திலிருந்து பின்னோக்கி வந்தது. தள்ளுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியவில்லை. காவேரி அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் குச்சி வண்டிச் சக்கரத்தைத் தொட்டது, அவள் நின்றுகூட விட்டாள். நான் அதற்குள் "காவேரி!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். இழுத்த வேகத்தில் அவள் தடுமாறி மண்டியிட்டு விழுந்தாள். வண்டி அவளைத் தொடவே இல்லை. விழவைத்தது நான்.

ரோடே திரும்பிப் பார்த்தது. அந்த ரோட்டில் என்னைத் தெரியாதவர்கள் யார்? காபிக் கடை மஞ்சப்பா முதலில் ஓடி வந்தார். "நிம்ம மகளா சார்?" என்றார். பேனாக் கடைக்காரர் வந்தார். பழைய புத்தகம் விற்கிற இருவர் வந்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் குச்சியைத் துடைத்துக் கொடுத்தார். வேலை விஷயத்தைச் சொன்னதும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

"தினா நானே கர்க்கொண்டு ஹோக்தீனி" என்றார் மஞ்சப்பா. தினமும் ஸ்டேஷனுக்கே வந்து தானே கூட்டிப் போவதாகச் சொல்கிறார். சொன்னதோடு நிற்காமல் அவள் கையைப் பிடித்து அப்போதே ஆபீஸ் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். பின்னால் ஒரு சிறு ஊர்வலமாக நாங்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ரோடு எந்த ஊரில் இருக்கிறது? இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?

திரும்பும் ரயிலில் காவேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் சிராய்ப்பு. ஒயிட்பீல்டு தாண்டிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இருபதடின்னு சொன்னேன்ல நைனா."

ராயபுரத்திலிருந்து ஒரு ஸ்டேஷன்

அடுத்த வாரம் எங்களுக்குப் பக்கத்து ஜங்ஷனான பங்காருபேட்டையில் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். அக்கா வீட்டில் தங்கல். அங்கே காலை ஆறு மணிக்கே விசிறி தேவைப்பட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பீச் ஸ்டேஷனில் இறங்கியதும் காவேரி, "இன்னிக்கு நாப்பதடி" என்றாள். அக்காவிடம், "அத்தே, நீ ஆட்டோல போயி ஆபீஸ் வாசல்ல நில்லு" என்றாள். ஒரு தெரு விடாமல் முதல் நாளே அக்காவிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

துறைமுகம் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. உப்பும் டீசலும் கருவாடும் கலந்த காற்று. காவேரி முகத்தைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டாள். பர்மா பஜார் ஓரமாக நடந்தாள். "கவர் வேணுமாக்கா, சார்ஜர் வேணுமாக்கா" என்று ஒவ்வொரு கடையிலும் குரல். அதைத் தாண்டினால் பாரிமுனை.

உண்மையை எழுதிவிடுகிறேன். பாரிமுனையை நான் அதற்கு முன் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு. அன்றைக்குக் காலால் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஐகோர்ட் கோபுரங்கள். அதன் எதிரே கருப்புக் கோட்டு வக்கீல்களும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒரே தள்ளுவண்டியில் அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அவசரம், ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. தண்ணீரில் மீன் போவது போல ஆளுக்கு ஆள் விலகி விலகிப் போனார்கள். அந்த விலகலுக்குள் என் மகளின் வெள்ளைக் குச்சியும் போனது.

அங்கே தெருக்கள் கோடு போட்டது போல நேராக இருக்கின்றன. ஒரு தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, ஒரு தெரு முழுக்கக் கண்ணாடிப் பொருள், ஒரு தெரு முழுக்க அத்தரும் ஏலக்காயும். வாசனையைப் பிடித்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். பெங்களூர் பேட்டை சுற்றிவளைத்துக் கதை சொல்லும். பாரிமுனை நேராக விஷயத்துக்கு வந்துவிடும். இரண்டில் எது மேல் என்று கேட்டால் இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பூக்கடை

பூக்கடை நெருங்கும்போது அவளைத் தவறவிட்டேன்.

சாமந்திக் கூடைகளோடு நாலைந்து பேர் குறுக்கே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடங்களை மலைபோலக் கட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அது நகர்ந்தபோது எதிரில் வெள்ளைக் குச்சி இல்லை.

முன்னே ஓடினேன். பின்னே வந்தேன். போனில் கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை. ஒரு பூக்காரம்மா கடை முன்னால் நின்று, "குச்சி வெச்சிருக்கிற பொண்ணு, பச்சை சுடிதார், இந்தப் பக்கம் போச்சாம்மா?" என்று கேட்டேன்.

அந்தம்மா கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது எப்பவோ போயிடுச்சு. விசுக்கு விசுக்குன்னு போவுது. நீங்கதான் சார் வழிய அடச்சிக்கினு நிக்கிறீங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

சட்டை உடம்போடு ஒட்ட, வழி கேட்டுக் கேட்டு ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து ஜூஸ் கடையில் அக்காவும் காவேரியும் சாத்துக்குடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். காவேரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"போன ஏன்டி எடுக்கல?"

"ஒரு கையில குச்சி, ஒரு கையில பை. நடக்கும்போது எடுக்க மாட்டேன் நைனா. இத கேளு. ஒருத்தர் என்னத் திட்டினாரு!"

"எவன்டி அவன்?"

"வண்டிக்காரரு. நான் குறுக்க போயிட்டேன் போல. 'யம்மா, கண்ணு தெரியலியா?'ன்னு கத்தினாரு. நான் நின்னு, 'தெரியாதுங்க'ன்னேன். அவரு என் குச்சியப் பாத்திருப்பாரு. ஒரு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், 'சரி, காது கேக்குதுல்ல? மணி அடிச்சேன்ல? நிக்கறதில்ல?'ன்னு மறுபடியும் திட்டினாரு!"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ஜூஸ் புரையேறியது. அக்கா அவள் தலையில் தட்டிக்கொடுத்தபடி தானும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுல சிரிக்க இன்னா இருக்குது?" என்றேன்.

காவேரி டம்ளரைக் கீழே வைத்தாள். "எல்லாரையும் திட்டற மாதிரியே என்னையும் திட்டினாரு நைனா" என்றாள்.

பங்காருபேட்டை வரை

திரும்பி வரும்போது ஆம்பூர் தாண்டியதும் முடிவைச் சொன்னாள். சென்னை.

நான் காரணங்களை அடுக்கினேன். அந்த வெயில். மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீர். அம்மா ஊரிகத்தில், நீ அங்கே. பெங்களூரில் மஞ்சப்பா இருக்கிறார், பேனாக் கடைக்காரர் இருக்கிறார், கூப்பிட்ட குரலுக்கு ரோடே வரும்.

"அதான் நைனா" என்றாள். "அந்த ரோடு தங்கமான ரோடு. பளேபேட்டையில அந்த நாயனத்தக் கேட்டப்போ அங்கியே இருந்துடலாம்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு. ஆனா அங்க நான் மணி சார் பொண்ணு. ஒரு நாள்கூட என்னத் தனியா நடக்க விட மாட்டாங்க. நீயும் விட மாட்ட."

"நான் கூட வர்றது உனக்குக் கஷ்டமா இருக்குதா?"

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பங்காருபேட்டைவரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி செல்வி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, நந்திதுர்க் ஷாஃப்ட்ல உங்க அப்பா உங்களுக்கு வேல வாங்கி வெச்சிருந்தாரே, ஏன் போகல?"

அது பழைய கதை. எனக்கு அப்போது இருபது வயது. என் அப்பா தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வெடி வைக்கிற வேலையில் இருந்தார். மேஸ்திரியைப் பிடித்து எனக்கும் அதே ஷிஃப்டில் இடம் பேசியிருந்தார். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் கூண்டில் அவரோடு இறங்கி, அதே கேஜில் ஏறி வரலாம். அவர் கண் முன்னாலேயே இருப்பேன். நான் மாட்டேன் என்று பெங்களூருக்கு ரயிலேறினேன்.

"அங்க உன்ன யாருக்குடா தெரியும்?" என்று அப்பா ஸ்டேஷன்வரை வந்து கேட்டார்.

"யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் போறேன்" என்றேன். கல்யாணமான புதிதில் இதைச் செல்வியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அப்பா அன்றைக்கு எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, யோசித்தேன்.

"உங்க அப்பா கேஜ் உங்களுக்கு வேணாம். உங்க ரோடு மட்டும் அவளுக்கு வேணுமா?" என்றாள் செல்வி.

எழுந்து போய்க் காவேரியிடம், "சென்னைன்னே எழுதிடு" என்றேன். "நேத்தே எழுதிட்டேன் நைனா" என்றாள்.

ஒரு போன்

இரண்டு மாதமாகிறது. அக்கா வீட்டிலிருந்து தினம் தனியாகப் போய் வருகிறாள். நான் சென்னைக்கு இன்னும் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானே தள்ளிப்போட்டிருக்கிறேன். நடுவில் ஒருநாள் சும்மா பெங்களூருக்குப் போய் மஞ்சப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் சென்னையில் அந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது, பக்கத்தில் நல்ல காபிக் கடை உண்டா என்று விசாரித்தார். பூக்கடையைப் பற்றி அவருக்கு அரைமணி நேரம் சொன்னேன். அக்கா கேட்டிருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டாள்.

போன வாரம் காலை பத்து மணிக்குக் காவேரியின் போன் வந்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை.

"நைனா, இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா? கூட வேலை செய்யற பொண்ணு வரட்டும்னு பாரிமுனை சிக்னல்ல சும்மா நின்னுக்கினு இருந்தேன். யாரோ ஒருத்தர் கப்புனு என் கையப் புடிச்சாரு. 'வாம்மா, பயப்படாத'ன்னாரு. 'நான் ரோட்டத் தாண்டல சார்'னு சொல்றேன், சொல்றேன், அவரு காதுலயே வாங்கல. பஸ்ஸெல்லாம் கையக் காட்டி நிறுத்தி, அந்தப் பக்கம் கொண்டு போயி விட்டுட்டு, 'பத்திரமா போம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு!"

எத்தனை பேருந்து, எத்தனை வண்டி. "அய்யோ! அப்புறம் இன்னாடி பண்ணே? அத்தைக்கு போன் பண்ணியா?"

"எதுக்கு?" என்றாள். போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஹாரன் சத்தமும், பழம் கூவி விற்கிற யாரோ ஒருவரின் குரலும் கேட்டன. "வண்டிங்க நிக்கிற வரைக்கும் நின்னேன். நின்னதும் திரும்பி வந்துட்டேன்."